அரசாணையின் மேல் உங்கள் முத்திரை வேண்டாம்

அரசாணைகள், துறைத் தலைவர்களின் செயல்முறைகள் (அவர்கள் பிறப்பிக்கும் ஆணைகள்), அரசிதழ் அறிவிக்கைகள், தீர்ப்புகள், பாடநூல்கள் ஆகியவற்றை எடுத்துத் தங்கள் இணையதளத்திலும் டெலிகிராம் சேனலிலும் பதிவேற்றி வரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் செய்வது தேவையான வேலை. தனக்கு வேண்டிய ஆணை துறையின் தளத்தில் எந்த மூலையில் கிடக்கிறது என்று ஓர் ஓய்வூதியர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விண்ணப்பிக்கும் கெடு முடிந்துவிடும். அரசுத் தளம் ஒன்றைப் புதுப்பித்தால் பழைய இணைப்புகள் கூண்டோடு செத்துப்போகும். அதன்பின் உங்கள் சர்வரில் இருப்பதுதான் மக்கள் கைக்கு எட்டும் ஒரே பிரதி. அதை அச்செடுத்து மேல்முறையீட்டில் இணைக்கிறார்கள், கருவூலத்தில் காட்டுகிறார்கள், தகவல் உரிமை மனுவில் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆகவே அந்தப் பிரதி அசலைப் போலவே இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதும் அதைப் பார்த்தாலே தெரிய வேண்டும். இன்று பல தளங்களில் இந்த இரண்டும் இல்லை. ஆணையின் குறுக்கே தளத்தின் பெயர் வாட்டர்மார்க்காக ஓடுகிறது. இணைப்புப் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. கோப்பின் பெயர் ‘புதிய ஜி.ஓ.’ என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தின் அடியில் ‘அனைத்து உரிமைகளும் எமக்கே’ என்று எழுதியிருக்கிறது.

முதலில் உரிமை யாருடையது என்பதைப் பார்த்துவிடுவோம்.

‘அரசு ஆவணம்தானே, அதற்கு ஏது பதிப்புரிமை’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஆவணங்களுக்கு அது சரி. அந்த நாட்டுச் சட்டமே அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்கிறது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டவாக்க, நிர்வாக, நீதித் தன்மை கொண்ட உத்தியோகபூர்வ வாசகங்களையும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளையும் பதிப்புரிமைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ தளம் நடத்துபவர் தம் நாட்டு வர்த்தமானியைப் போடும்போது இந்தத் தலைவலி இல்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தம் இந்த முடிவை ஒவ்வொரு நாட்டிடமும் விட்டுவிட்டது. இந்தியா வேறு வழியில் போனது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், அரசோ சட்டமன்றமோ நீதிமன்றமோ தன் கட்டுப்பாட்டில் உருவாக்குபவை, வெளியிடுபவை அத்தனையையும் ‘அரசுப் படைப்பு’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் அரசுதான். 28ஆம் பிரிவின்படி அந்த உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1970இல் வெளியான ஓர் அரசு வெளியீட்டின் உரிமை 2030 டிசம்பர் முடிவில்தான் தீரும்.

உங்களுக்கு வழி திறந்துவிடுவது 52(1) பிரிவின் ‘க்யூ’ உட்பிரிவு. அதை ஒவ்வொரு தளம் நடத்துபவரும் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கதவைத் திறக்கவில்லை. அரசிதழில் வெளியான எதையும் மறுபதிப்பிடலாம். அதற்கு ஒரே விதிவிலக்கு, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம். சட்டத்தை வெளியிடலாம், ஆனால் விளக்கவுரையோ உங்களுடைய சொந்தப் பொருளோ அதனுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடப்பட்டிருக்கிறது. வெறும் சட்ட வாசகத்தை ஸ்கேன் செய்து, மேலே கீழே விளம்பரம் வைத்துப் போடுவது அந்த நிபந்தனையை நிறைவேற்றாது. அரசு அமைத்த குழு, ஆணையம் ஆகியவற்றின் அறிக்கைகளை, சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அவை முன்வைக்கப்பட்டிருந்தால், அரசு தடை செய்யாதவரை வெளியிடலாம். அவைக்கு வராமல் கசிந்த அறிக்கைக்கு இந்த விலக்கு கிடையாது. நீதிமன்றம், தீர்ப்பாயம் ஆகியவற்றின் தீர்ப்பையும் ஆணையையும், அந்த நீதிமன்றமே தடுக்காதவரை வெளியிடலாம்.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். அரசிதழில் வராத சாதாரண அரசாணை இல்லை. இயக்குநரின் செயல்முறைகள் இல்லை. சுற்றறிக்கை இல்லை. பாடநூல் இல்லை. நீங்கள் தினமும் பதிவேற்றுவதில் பெரும்பகுதி இந்த நான்கும்தான்.

அவற்றுக்கு உங்கள் கையில் இருக்கும் அனுமதி, அந்தந்த அரசுத் தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் ‘பதிப்புரிமைக் கொள்கை’ என்ற பக்கம். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இலிருந்து அப்படி ஒரு பக்கத்தை எதிர்பார்க்கின்றன. அதன் வழக்கமான வாசகம் இவ்வளவுதான்: கட்டணமின்றி மறுவெளியீடு செய்யலாம், உள்ளதை உள்ளபடி தர வேண்டும், இழிவுபடுத்தும் வகையிலோ தவறான பொருள் தரும் சூழலிலோ பயன்படுத்தக் கூடாது, மூலத்தை எடுப்பாகக் குறிப்பிட வேண்டும், மூன்றாம் நபருக்கு உரிமையான பகுதிகளுக்கு இந்த அனுமதி செல்லாது. சில தளங்கள் முன் அனுமதி வேண்டாம் என்கின்றன. சில தளங்கள் மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கச் சொல்கின்றன. நீங்கள் எடுக்கும் தளம் எந்த வகை என்று பார்த்து, அந்தக் கொள்கைப் பக்கத்தையே தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அது மாறினாலும், நீங்கள் எடுத்த அன்று என்ன இருந்தது என்று காட்ட முடியும். அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் தயங்காமல் கேளுங்கள். எந்த வகை ஆவணம், எந்தத் தளத்தில் போடப் போகிறீர்கள், விளம்பரம் உண்டா, மூலத்தை எப்படிக் குறிப்பிடுவீர்கள் என்று நான்கே வரி எழுதினால் போதும்.

இன்னொன்று: பெரும்பாலான அரசுத் தளங்கள் தங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க முன் அனுமதி கேட்பதில்லை, ஆனால் தங்கள் பக்கத்தை உங்கள் தளத்தின் சட்டகத்துக்குள் (ஃபிரேம்) திறந்து காட்டுவதை வேண்டாம் என்கின்றன. வாசகர் உங்கள் முகவரியையே பார்த்துக்கொண்டு, அரசு ஆவணத்தை உங்கள் விளம்பரங்களுக்கு நடுவில் படிக்கும் அமைப்பு அது. அதை விட்டுவிடுங்கள்.

இனி வாட்டர்மார்க். இதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

அது ஏன் போடப்படுகிறது என்று புரிகிறது. காலையில் நீங்கள் தேடி எடுத்துப் போட்ட ஆணையை அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு சேனல் தூக்கிக்கொள்கிறது. உழைத்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த உழைப்பு ஆவணத்தின் மேல் உங்களுக்கு எந்த உரிமையையும் தருவதில்லை. உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில், தீர்ப்புத் தொகுப்புகளை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. தீர்ப்பின் மூல வாசகம் எவரும் வெளியிடக்கூடிய பொதுச் சொத்து. வெறும் உழைப்பும் செலவும் பதிப்புரிமை ஆகாது. பதிப்பாசிரியர் தம் திறனையும் முடிவெடுக்கும் அறிவையும் செலுத்திச் சேர்த்த தலைக்குறிப்பு, பத்தி பிரிப்பு போன்றவற்றுக்கே பாதுகாப்பு. மங்கலான ஸ்கேனைப் பார்த்து நீங்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாலும் அந்த வாசகம் உங்களுடையது ஆகாது. நீங்கள் எழுதிய சுருக்கம், கேள்வி பதில் விளக்கம், பழைய விதியையும் புதிய விதியையும் ஒப்பிட்டுப் போட்ட அட்டவணை ஆகியவை உங்களுடையவை. முத்திரையை அவற்றில் போடுங்கள். ஆவணத்தை வேறு தளம் எடுத்துப் போட்டதென்று நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு இடமில்லை, உங்கள் சுருக்கத்தைத் திருடினால் இடமுண்டு.

வாட்டர்மார்க் தொழில்நுட்ப ரீதியாகச் செய்யும் சேதம் இன்னும் பெரிது. டிஜிட்டல் கையொப்பம் இட்ட பிடிஎஃபில், கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்று கையொப்பத்துக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வாட்டர்மார்க் போடும் செயலி கோப்பைத் திறந்து முழுவதுமாக மறுபடி எழுதும்போது பைட்டுகள் மாறிவிடுகின்றன. அதன்பின் கையொப்பத்தைச் சரிபார்த்தால் ‘செல்லாது’ என்றோ ‘கையொப்பத்துக்குப் பின் மாற்றப்பட்டது’ என்றோ வரும். பல கோப்புகளை ஒன்றாக இணைத்தாலும், அளவைச் சுருக்கினாலும் இதே கதிதான். ‘அச்சிடு’ கொடுத்து மறுபடி பிடிஎஃப் ஆக்கினால் இன்னும் மோசம்: கையொப்பம் இருந்த இடத்தில் அதன் படம் மட்டும் மிஞ்சும், சரிபார்க்க உள்ளே ஒன்றும் இருக்காது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும் என்பதுதான் ஆபத்து. (அசல் கோப்பிலேயே மஞ்சள் கேள்விக்குறியோடு ‘செல்லுபடி அறியப்படவில்லை’ என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் கணினியில் இந்தியாவின் மூலச் சான்றிதழ் நம்பகப் பட்டியலில் சேர்க்கப்படாததால் அப்படி வரும்.)

வாட்டர்மார்க்கோடு சேர்த்து ஓரங்களை வெட்டுவதும் நடக்கிறது. மத்திய அரசிதழின் மின்பதிப்பில் முதல் பக்கத் தலைப்பில் ‘சிஜி-டிஎல்’ என்று தொடங்கித் தேதியும் வரிசை எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். அதை வைத்துத்தான் அந்த இதழை அரசிதழ்த் தளத்தில் நேராகத் தேட முடியும். உங்கள் லோகோவுக்கு இடம் பண்ண அந்த வரியை வெட்டிவிட்டால், வாசகர் சரிபார்க்கும் வழியையே வெட்டிவிட்டதாகும். அரசாணையில் இதேபோல் பலியாவது கடைசிப் பக்கம். ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரி, ‘பெறுநர்’ பட்டியல், ‘நகல்’ பட்டியல், ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’ என்பதன் கீழ் பிரிவு அலுவலரின் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆணை யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை வைத்தே யாருக்குப் பொருந்தும் என்று வாதிட வேண்டிய நேரங்கள் உண்டு. ‘இணைப்பு’ என்று குறிப்பிட்டிருக்கும் ஊதிய அட்டவணை இல்லாத ஊதிய ஆணையால் யாருக்கும் பயன் இல்லை.

சட்டமும் இதைப் பார்க்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவு, படைப்பின் பெயர், படைப்பாளி, உரிமையாளர், அடையாள எண் போன்ற உரிமை விவரங்களை அதிகாரமின்றித் தெரிந்தே நீக்குவதையும் மாற்றுவதையும் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. துறையின் பெயரையும் எண்ணையும் மறைத்து அந்த இடத்தில் சேனல் பெயரைப் போடுவது இதற்குள் வரும் என்று ஒருவர் வழக்காடினால், பதில் சொல்வது எளிதாக இருக்காது. பொதுவான பதிப்புரிமை மீறலுக்கு 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன. அரசுச் சின்னத்தை உங்கள் தளத்தின் முகப்பிலோ சேனல் படத்திலோ வைப்பது தனிக் குற்றம். சிங்க முகச் சின்னத்தை, அரசோடு தொடர்புள்ள தளம் என்ற எண்ணம் வரும்படி பயன்படுத்தினால் 2005ஆம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. ஆவணத்துக்குள் இருக்கும் சின்னம் அங்கேயே இருக்கட்டும்.

மூலத்தைக் குறிப்பிடுவது என்றால் ‘நன்றி: தமிழ்நாடு அரசு’ என்று எழுதுவது அல்ல. அதை வைத்து யாரும் எதையும் தேட முடியாது. அரசாணை எண் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நிலை, வாலாயம், டி என்று வகைக்கு ஒரு வரிசை வேறு. ‘அரசாணை எண் 29’ என்றால் ஒரே ஆண்டிலேயே பல ஆணைகள் கிடைக்கும். ‘அரசாணை (நிலை) எண் 29, தகவல் தொழில்நுட்பவியல் துறை, நாள் 23.06.2010’ என்றால் ஒன்றே ஒன்றுதான்: தமிழுக்கு யூனிகோடையும் டேஸ் 16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையையும் அரசுத் தரமாக அறிவித்த ஆணை. வகை, எண், துறை, நாள் ஆகிய நான்கும் கட்டாயம்; ஆணையில் துறையின் பெயரோடு பிரிவுக் குறியீடு இருந்தால் அதையும் சேருங்கள். செயல்முறைகள் என்றால் அலுவலரின் பதவி, ந.க. எண் (கோப்பு எண்), அதன் பின்னால் சாய்கோட்டோடு வரும் பிரிவுக் குறியீடு, நாள். மாநில அரசிதழ் என்றால் பகுதி, பிரிவு, வெளியீட்டு எண், நாள், பக்கம், சிறப்பு வெளியீடா என்பது. தீர்ப்பு என்றால் வழக்கு வகையும் எண்ணும், தீர்ப்பு நாள், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண் (வழக்கின் தனி அடையாள எண்), நீதிமன்றமே இப்போது வழங்கும் நடுநிலை மேற்கோள் எண். இவற்றோடு நீங்கள் எடுத்த முழு இணைய முகவரியும், எடுத்த நாளும். முகப்புப் பக்க முகவரி போதாது.

இந்த விவரத்தைக் கோப்புக்கு வெளியே, பதிவின் எழுத்தாக வையுங்கள். கோப்புக்குள் ஒட்டினால் மேலே சொன்ன கையொப்பச் சிக்கல் வரும். டெலிகிராமில் கோப்பு வேறு சேனல்களுக்குப் போகும்போது பதிவின் எழுத்து கழன்றுவிடலாம் என்பதால் கோப்பின் பெயரையே அடையாளமாக்குங்கள்: துறை, வகை, எண், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில். பெயரை மாற்றினால் உள்ளிருக்கும் பைட்டுகள் மாறாது, கையொப்பமும் கெடாது.

பதிவேற்றும் முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, துறைத் தளத்திலிருந்து கோப்பை நேராக இறக்குங்கள். உலாவியில் திறந்து மறுபடி சேமிப்பதைவிட ‘இணைப்பைச் சேமி’ நல்லது. இறக்கியதும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்துக் குறித்துவையுங்கள். விண்டோஸில் சர்ட்யுட்டில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். 64 எழுத்து கொண்ட அந்த மதிப்பைப் பதிவின் கீழே போட்டால், எவரும் உங்கள் பிரதியையும் அரசுப் பிரதியையும் ஒப்பிட்டு ஒன்றேதானா என்று உறுதி செய்யலாம். பிறகு அந்த அரசு முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமிக்கக் கொடுங்கள். நாளை துறைத் தளம் செத்தாலும், அன்று அங்கே அது இருந்தது என்பதற்கு உங்களைத் தவிர்த்த ஒரு சாட்சி இருக்கும். துறைத் தளத்தில் ஆணையே இல்லை, அலுவலகத்தில் கிடைத்த தாள் பிரதிதான் உண்டு என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள்: ‘தாள் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தது, இணையத்தில் மூலம் கிடைக்கவில்லை.’

ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐக்குக் கீழே போக வேண்டாம். கைபேசிச் செயலிகள் தாமாகப் போடும் முத்திரையை அணைத்துவிடுங்கள். கோப்பைச் சிறிதாக்கும் ஆசையில் இழப்புள்ள ஜேபிக்2 சுருக்கத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஒன்றுபோல் தெரியும் எழுத்து வடிவங்களை ஒரே படமாக மாற்றி வைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும் முறை அது. ஜெராக்ஸின் சில ஸ்கேன் இயந்திரங்கள் 6 இருந்த இடத்தில் 8 பதித்தது 2013இல் வெளிவந்தது, அதற்கு இதுவே காரணம். மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வரும்; இங்கே தவறான எண் பளிச்சென்று இருக்கும். ஊதியக் கட்டு ஆணையில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பிடிஎஃப்களிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறியீடுகள் ஆங்கிலக் குப்பையாக வந்து விழும். அதை யூனிகோடாக மாற்றித் தருவது பார்வையற்றவர்களுக்கும் தேடுபவர்களுக்கும் பேருதவி. ஆனால் மாற்றிகளில் கொம்பும் காலும் இடம் மாறும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆரில் துணைக்காலும் ‘ர’வும் குழம்பும். ஆகவே யூனிகோடு வாசகத்தை அசலுக்குப் பதிலாக வைக்காமல் அசலின் பக்கத்தில் வையுங்கள். ‘வாசிப்பு வசதிக்காக நாங்கள் மாற்றியது, அசலே சான்று’ என்று தலையில் எழுதுங்கள். எண்களையும் தேதிகளையும் மட்டுமாவது ஒருவர் படிக்க, இன்னொருவர் அசலோடு ஒத்துப் பார்க்கட்டும்.

மொழிபெயர்ப்புக்குச் சட்டமே ஒரு வரியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு சட்டத்தையோ அதன் கீழ் பிறந்த விதிகளையோ தமிழில் பெயர்த்து வெளியிட 52(1)(ஆர்) இடம் தருகிறது, ஆனால் அரசின் தமிழ்ப் பெயர்ப்பு இதுவரை வந்திருக்கக் கூடாது, அல்லது வந்தது விற்பனையில் இல்லாமல் இருக்க வேண்டும். அரசு இதை அங்கீகரிக்கவோ அதிகாரபூர்வமானதாக ஏற்கவோ இல்லை என்ற குறிப்பும் எடுப்பான இடத்தில் இருந்தாக வேண்டும். மத்தியச் சட்டங்கள் சிலவற்றுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதிகாரபூர்வத் தமிழ் வாசகம் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீதிமன்றங்கள் தரும் தமிழ்ப் பெயர்ப்புகளில், வழக்காடி தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற பொறுப்புத் துறப்பு இருக்கும். அந்தப் பத்தியை நீக்கிவிட்டுப் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

பாடநூல்களில் கூடுதல் கவனம் வேண்டும். இலவசமாக இறக்கலாம் என்பதாலேயே வெட்டி ஒட்டி ‘எங்கள் நோட்ஸ்’ என்று விற்கலாம் என்று ஆகிவிடாது. வகுப்பில் பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்க 52(1)(ஐ) விலக்குத் தருகிறது. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகப் பாடத் தொகுப்பு நகல்களுக்கு அதைத் தாராளமாகவே வாசித்தது. விளம்பரம் ஓடும் பொதுத் தளத்துக்கு அந்த வாதத்தை அப்படியே நீட்ட முடியாது. மேலும் பாடநூலுக்குள் இருக்கும் கவிதை, சிறுகதை, ஒளிப்படம் பலவற்றுக்கு உரிமையாளர் வேறு. அவர்கள் கொடுத்த சம்மதம் பாடநூலுக்குத்தான். பாடநூலுக்கு இணைப்புக் கொடுங்கள், உங்கள் விளக்கத்தை உங்கள் மொழியில் எழுதுங்கள்.

பதிப்புரிமை அனுமதித்தாலும் போடக் கூடாதவை உண்டு. பணிமூப்புப் பட்டியலில் பிறந்த தேதி, பயனாளிப் பட்டியலில் ஆதார், வங்கிக் கணக்கு எண், தகவல் உரிமைப் பதிலில் மனுதாரர் வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்தே போட வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும், குழந்தை என்றால் போக்சோவின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கின்றன. நீதிமன்றத் தளத்திலேயே பெயர் தவறுதலாக இருந்தது என்ற சமாதானத்தை நம்பிப் பதிவேற்றிவிடாதீர்கள். விடுதலையானவரின் பெயர் தீர்ப்பில் தொடர்ந்து இருக்கலாமா என்பது இன்னும் தீராத கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு தனியார் தளத்திலிருந்து தீர்ப்பை நீக்கச் சொன்னது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

மறைக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெயரின் மேல் கருப்புக் கட்டம் வரைந்தால் கண்ணுக்கு மறையும், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். எழுத்தையே அழிக்கும் முறையான மறைப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது மறைத்த பக்கத்தை 300 டிபிஐ படமாக மாற்றிப் புதிய பிடிஎஃப் செய்யுங்கள். முடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மறைத்த பெயரைத் தேடிப் பாருங்கள். கோப்பின் பண்புகளிலும் தலைப்பிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பிரதியில் கையொப்பம் செல்லாது என்பதால் ‘தனிநபர் விவரம் நீக்கிய பிரதி’ என்று சொல்லிவிட்டு, அசல் முகவரியைக் கொடுப்பது அந்த விவரத்தையே வெளிக்காட்டுமா என்றும் யோசியுங்கள்.

பழைய ஆணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவின் மேல் தெரிவது நீங்கள் ஏற்றிய தேதி. 2017 ஆணையை இன்று மறுபதிவு செய்தால் இன்று வந்த ஆணையாகவே அது பரவும். ஆணையின் நாளைத் தலைப்பிலேயே எழுதுங்கள். பின்னால் திருத்தம் வந்தால் பழைய பதிவின் முதல் வரியில் எந்த ஆணையால், எந்த நாளிலிருந்து என்று சேருங்கள். பழையதை நீக்கிவிட வேண்டாம். அன்று பணியில் சேர்ந்தவரின் உரிமையை அன்று நடப்பிலிருந்த ஆணைதான் தீர்மானிக்கும்.

யாராவது பதிப்புரிமைப் புகார் அனுப்பினால் அதற்கென ஒரு மின்னஞ்சல் முகவரி தளத்தில் இருக்க வேண்டும். அது வந்த நாளைக் குறித்துக்கொண்டு, புகார் ஆவணத்தைப் பற்றியதா உள்ளிருக்கும் மூன்றாம் நபர் பொருளைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். பிறர் ஏற்றும் கோப்புகளை வெறுமனே தாங்கி நிற்கும் தளம் என்றால், உரிமையாளரின் எழுத்துப் புகார் வந்தபின் 21 நாள் அணுகலை நிறுத்தி வைக்கச் சட்டம் சொல்கிறது. அதற்குள் நீதிமன்ற ஆணை வரவில்லை என்றால் மறுபடி திறக்கலாம். நீங்களே தேர்ந்தெடுத்து ஏற்றுபவர் என்றால் இந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம்.

இந்த மடலின் ஒரு நகல் தமிழ்நாடு அரசுக்கும். அரசாணைகளையும் செயல்முறைகளையும் எவரும் உள்ளபடி, மூலம் குறிப்பிட்டு மறுவெளியிடலாம் என்று ஒரே ஓர் ஆணை போட்டால் மேலே சொன்ன சட்டக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மத்திய அரசு 2017இல் தன் தரவுகளுக்குத் திறந்த தரவு உரிமம் ஒன்றை வெளியிட்டது. வழங்கியவர், மூலம், உரிமம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால் வணிகப் பயன்பாட்டுக்கும் இடமுண்டு. ஆணைகளுக்கும் அதேபோல் செய்ய முடியும். ஒவ்வோர் ஆணைக்கும் தளம் மாறினாலும் மாறாத முகவரி, ஹாஷ் மதிப்பு, டிஜிட்டல் கையொப்பம், தேடக்கூடிய யூனிகோடு எழுத்து ஆகிய நான்கையும் துறைகள் கொடுத்தால், இடைத் தளங்களை நம்பி மக்கள் அலைய வேண்டியிருக்காது.

தளம் நடத்தும் நண்பர்களே, ஏற்கெனவே ஏற்றிவிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே நாளில் சீர் செய்ய முடியாது. அதிகம் இறக்கப்படுபவற்றில் தொடங்குங்கள். வாட்டர்மார்க் இல்லாத அசல் துறைத் தளத்திலோ வேபேக் மெஷினிலோ கிடைத்தால் அதே முகவரியில் மாற்றி வையுங்கள், பழைய இணைப்புகள் உடையாது. கிடைக்காதவற்றின் பதிவில் ‘அசலோடு சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதி, அசல் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். சங்க அலுவலகங்களிலும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்கள் வீட்டிலும் கட்டுக்கட்டாகத் தாள் பிரதிகள் இருக்கின்றன.

அன்புடன்,
ஆவணக் காப்பு, நூலகம், சட்டம் ஆகிய பணிகளில் இருக்கும் சிலர்